எழுதா வட்டு: ‘பிளாங்க் டிவிடி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

சித்தப்பா போனில் சொன்னது இதுதான்: “தம்பி, படம் போட்டா ஓடுது. பாட்டு சிடி ஓடுது. புது பிளாங்க் டிவிடியைப் போட்டா மட்டும் ‘டிஸ்க்கைப் போடு’ன்னு கேக்குது. உள்ளதான் இருக்குது, அதுக்குத் தெரியலையாம்.”

மகள் கல்யாண வீடியோவைப் பத்துப் பிரதி எடுத்து உறவுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஐம்பது டிவிடி கொண்ட டப்பா ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதில் ஒன்றைக்கூடக் கணினியின் டிரைவ் ஏற்கவில்லை. “ஒண்ணுமே இல்லாத தட்டுல எதைப் பார்த்து அது கண்டுபிடிக்கும்? அதனாலதான் முழிக்குதோ?” என்றும் கேட்டார். நல்ல கேள்வி. ‘பிளாங்க்’ என்ற சொல்லை நம்பினால் யாருக்கும் எழக்கூடிய கேள்வி. ஆனால் அந்தச் சொல் உண்மையைச் சொல்லவில்லை.

‘பிளாங்க்’ ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வெள்ளை என்று பொருள். எழுதாத தாள் வெள்ளையாக இருக்கும்; அதிலிருந்து எழுதப்படாதது, நிரப்பப்படாதது, காலியானது என்று பொருள் விரிந்தது. நாம் ‘வெள்ளைத்தாள்’ என்று சொல்வதும் இதே வழியில்தான். நாணயச் சாலையில் முத்திரை விழுவதற்கு முன் இருக்கும் வெறும் உலோக வில்லைக்கும் ஆங்கிலத்தில் ‘பிளாங்க்’ என்றே பெயர். வட்டமான, இன்னும் முத்திரை விழாத ஒரு பொருள். டிவிடிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

தமிழில் இதற்கு ‘காலி டிவிடி’, ‘வெற்று வட்டு’, ‘வெற்றுக் குறுந்தகடு’ என்றெல்லாம் எழுதுகிறோம். வெற்றுக்கை, வெற்றிடம், வெற்றுப்பேச்சு என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ‘வெற்று’ என்றால் உள்ளே ஒன்றுமில்லை. டிவிடிக்கு இது பொருந்தாது என்பது என் கருத்து. காரணம், கடையில் வாங்கிய புது டிவிடியில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

அதன் பிளாஸ்டிக் உடலில், தொழிற்சாலையிலேயே, சுருளாக ஒரு பள்ளத்தை அச்சிட்டு அனுப்புகிறார்கள். நடுவில் தொடங்கி விளிம்பு வரை அறுபடாமல் போகும் ஒரே கோடு அது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர். சிடியில் இது 1.6 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் டிவிடியின் சுற்றுகள் நூறு போல அடங்கிவிடும். சுருளைப் பிரித்து நீட்டினால் 11 கிலோமீட்டருக்கு மேல் வரும். இந்தப் பள்ளம் நேராகவும் ஓடுவதில்லை. மிக நுண்ணிய அலையாக நெளிந்து நெளிந்து ஓடுகிறது. டிரைவின் லேசர் அந்த நெளிவைப் பிடித்துக்கொண்டுதான் வட்டு எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை அறிகிறது.

டிவிடி பிளஸ் ஆர் என்ற வகையில் அந்த நெளிவுக்குள்ளேயே சில செய்திகளைக் குறியீடாக வைத்திருக்கிறார்கள். டிவிடி மைனஸ் ஆர் வகையில் பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேட்டில் சிறு குழிகளாக அவை இருக்கும். என்ன செய்திகள்? இது எந்த வகை வட்டு, எவ்வளவு கொள்ளும், எந்த வேகம் வரை எழுதலாம், எவ்வளவு வலுவான லேசர் ஒளி வேண்டும், முக்கியமாக, செய்தவர் யார். ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு குறியீடு உண்டு. நம் ஊரில் ஒரு காலத்தில் எல்லாக் கடையிலும் தொங்கிய மோசர் பேயர் வட்டுகளில் ‘எம்பிஐ’ என்று தொடங்கும். டப்பாவின் மேல் எந்தப் பெயர் அச்சாகியிருந்தாலும், வட்டு உண்மையில் எங்கே பிறந்தது என்பதை இந்தக் குறியீடுதான் சொல்லும்.

ஆகவே புது டிவிடி வெறுமையானது இல்லை. அதில் நாம் இன்னும் எழுதவில்லை, அவ்வளவுதான். ‘எழுதா வட்டு’ என்பதே சரியான சொல் என்று நான் சொல்வது இதனால்தான். இந்த அமைப்பு நமக்குப் புதிதும் இல்லை. வாய்மொழியாகவே வழங்கிய வேதத்தைப் பழந்தமிழர் ‘எழுதாக் கிளவி’ என்றார்கள். எழுதவில்லை என்பதற்காக அதில் ஒன்றுமில்லை என்று யாரும் நினைக்கவில்லை. ‘எழுதா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். எழுதாக் குறுந்தகடு, எழுதாத் தட்டு. ஆனால் எழுதா வட்டு. (இதை மட்டும் தவறாமல் எழுதினால் போதும், சொல் தானாக நிலைத்துவிடும்.)

சரி, ‘வட்டு’ ஏன், ‘தகடு’ ஏன் இல்லை? ‘டிஸ்க்’ என்பதன் மூலம் கிரேக்கத்தின் ‘டிஸ்கோஸ்’. வீசி எறியும் வட்டத் தட்டு என்பது அதன் பொருள். சாப்பாட்டுத் தட்டைக் குறிக்கும் ‘டிஷ்’, மேசையைக் குறிக்கும் ‘டெஸ்க்’ இரண்டும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. நம் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஒலிபெருக்கியில் என்ன கேட்டிருக்கிறோம்? குண்டு எறிதல், ஈட்டி எறிதல், வட்டு எறிதல். கிரேக்கன் ‘டிஸ்கோஸ்’ என்றதை நாம் வட்டு என்றுதான் சொல்லிவந்திருக்கிறோம். காய் உருட்டி ஆடும் பழைய ஆட்டத்துக்கும் ‘வட்டாடுதல்’ என்று பெயர் உண்டு. தகடு என்றால் அது வட்டமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தகரத் தகடு, செப்புத் தகடு என்று உலோகத்தைத்தான் அது முதலில் நினைவூட்டும். டிவிடியிலோ உலோகம் ஒரு மெல்லிய படலம் மட்டுமே. குறுந்தகடு என்ற சொல் தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்க வேண்டியதில்லை. புதிதாகச் சொல்லாக்கும்போது வட்டையே எடுத்துக்கொள்ளலாம் என்பேன்.

இலங்கைத் தமிழர் இதில் நமக்கு முன்னால் போய்விட்டார்கள். அங்கே சிடி ‘இறுவட்டு’. ‘இறுகு’ என்ற வினை அதில் காதில் விழுகிறது. செறிவாக அடைத்தது என்ற எண்ணம் வருகிறது. பாடல் வெளியீடுகளில் ‘இறுவெட்டு’ என்றும் எழுதுவார்கள். வட்டா, வெட்டா என்ற இந்த ஊசலாட்டம் பழையது. ‘வட்டெழுத்து’ என்ற நம் பழைய எழுத்துமுறையின் பெயருக்கே வட்டமான எழுத்து என்று ஒரு விளக்கம், கல்லில் வெட்டிய ‘வெட்டெழுத்து’தான் அப்படித் திரிந்தது என்று இன்னொரு விளக்கம். எழுதுவதும் வெட்டுவதும் தமிழில் அவ்வளவு நெருக்கம். ஓலையில் எழுத்தாணி மை பூசவில்லை, கீறியது. கீறிய பிறகுதான் கரியைத் தடவி எழுத்தைத் தெரியவைத்தார்கள்.

டிவிடி எழுதுவதும் கிட்டத்தட்ட அப்படித்தான் நடக்கிறது. அதை ஆங்கிலத்தில் ‘பர்ன்’ என்கிறார்கள். இந்த வழக்கு வட்டுக்கு முந்தியது. 1956-இல் வென் சிங் சௌ என்ற பொறியாளர், அமெரிக்க விமானப்படையின் அட்லஸ் ஏவுகணைக் கணினிக்காக, ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய நினைவகத்தை உருவாக்கினார். மிகை மின்சாரத்தைப் பாய்ச்சி, உள்ளே இருக்கும் நுண்ணிய இணைப்புகளில் வேண்டாதவற்றை உண்மையாகவே எரித்து அறுத்துவிடுவார்கள். எரிந்தது ஒரு குறி, எரியாதது மறு குறி. அங்கிருந்து நினைவகச் சில்லுகளில் நிரலேற்றுவதற்கெல்லாம் ‘பர்ன்’ பொதுப்பெயரானது. 1988-இல் ஜப்பானின் தாய்யோ யூடென் நிறுவனம் ஒருமுறை எழுதும் சிடியை உருவாக்கியபோது அதற்கும் அந்தச் சொல் வசதியாகப் பொருந்தியது. இந்த வட்டுகளின் உள்ளே ஒரு சாயப் படலம் இருக்கிறது. படிக்கும்போது மெல்லியதாக இருக்கும் லேசர், எழுதும்போது பல மடங்கு வலுவேறிச் சாயத்தைப் பொட்டுப் பொட்டாகச் சுட்டு, அதன் தன்மையை மாற்றிவிடுகிறது. சுட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பும். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வகையில் சாயமே கிடையாது. ஓர் உலோகக் கலவை படிக நிலைக்கும் படிகமற்ற நிலைக்கும் மாறி மாறிப் போகிறது. அங்கே ‘பர்ன்’ வெறும் பழக்கச்சொல்.

இதை ‘எரித்தல்’ என்று அப்படியே மாற்றுகிறவர்கள் உண்டு. “கல்யாண வீடியோவை டிவிடியில் எரித்துவிட்டேன்” என்று சித்தியிடம் சொன்னால் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். தமிழில் எரித்தால் மிஞ்சுவது சாம்பல். எனக்கு இந்த இடத்தில் மிகப் பிடித்த சொல் ‘பொறித்தல்’. சேரன் இமயத்தில் வில்லைப் பொறித்தான் என்று பழம்பாட்டுகள் சொல்லும் அதே பொறித்தல். ‘பொறி’ என்ற பெயர்ச்சொல்லைப் பாருங்கள்: தீப்பொறி, முத்திரை, இயந்திரம் எல்லாமே பொறி. நெருப்பால் குறியிடும் ஓர் இயந்திரத்துக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எந்த மொழியில் கிடைக்கும்? வல்லின றகரம் முக்கியம். இடையின ரகரம் போட்டால் அப்பளம் பொரிக்கிற கதையாகிவிடும்.

ஆனாலும் அன்றாடப் பேச்சுக்கு ‘எழுது’ போதும். நம் கடைகளில் ‘டிவிடி ரைட்டர்’, ‘ரைட் பண்ணிக் கொடுங்க’ என்பதுதான் வழக்கு. பர்னர் என்று கேட்பவர் குறைவு. ரைட்டருக்கு ‘வட்டெழுதி’ என்று சொல்லிப் பார்க்கலாம். ஒளிவருடி, அச்சுப்பொறி என்ற வரிசையில் அது இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது.

இனி சித்தப்பாவின் வட்டெழுதிக்கு வருவோம். பொருள் தெளிவானால் கோளாறும் தெளிவாகிறது. படம் இருக்கும் டிவிடியில் தெளிவான குழிகளும் நல்ல எதிரொளிப்பும் உண்டு. களைத்துப்போன லேசர்கூட அதைப் படித்துவிடும். எழுதா வட்டில் கிடைப்பது அந்த நெளிபள்ளத்தின் மங்கிய சைகை மட்டும். லென்சில் தூசி படிந்தாலோ லேசர் வலுவிழந்தாலோ முதலில் தவறுவது இதுதான்.

அன்று மாலை போய் முதலில் டிரைவின் முகப்பைப் பார்த்தேன். சில பழைய டிரைவ்கள் டிவிடியைப் படிக்கும், சிடியை மட்டும் எழுதும், ‘காம்போ’ என்பார்கள். அதில் எழுதா டிவிடியைப் போட்டு எத்தனை நாள் மல்லுக்கட்டினாலும் பயனில்லை. பிளஸ், மைனஸ் என்ற பிரிவும் ஒரு காலத்தில் பெரிய தலைவலி. 2002-இல் சோனி இரண்டையும் எழுதும் டிரைவைக் கொண்டுவந்த பிறகுதான் அது மெல்லத் தீர்ந்தது. சித்தப்பாவுடையது இரண்டையும் எழுதக்கூடியது. பிறகு எழுதா சிடி ஒன்றைப் போட்டேன், உடனே ஏற்றுக்கொண்டது. இதை வைத்து டிவிடிக்கான லேசரும் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீள லேசர், டிவிடிக்கு 650. ஒரே பெட்டிக்குள் இரண்டு கண். ஒன்று போய் மற்றது இருக்கலாம்.

அடுத்து மென்பொருள். எழுதும் மென்பொருள்களை நீக்கும்போது அவை விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோயர்ஃபில்டர்ஸ்’ என்ற பெயர்களில் எச்சங்களை விட்டுப்போவதுண்டு. அதனால் டிரைவே காணாமல் போகும், அல்லது எழுத மறுக்கும். பதிவேட்டில் கை வைக்கும் முன் ஓர் எளிய சோதனை இருக்கிறது: பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தை ஏற்றிப் பாருங்கள். அங்கே எழுதா வட்டு தெரிந்தால் குற்றம் விண்டோஸ் பக்கம். அங்கும் தெரியாவிட்டால் டிரைவிலோ வட்டிலோதான். (விண்டோஸ் எக்ஸ்பியாக இருந்தால் இன்னொன்று: அதற்குத் தானாக டிவிடி எழுதத் தெரியாது, சிடி மட்டுமே. தனி மென்பொருள் வேண்டும்.) சித்தப்பா கணினியில் லினக்ஸுக்கும் தெரியவில்லை.

லென்சை ஊதுகுமிழால் ஊதி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்ல ஒற்றினேன். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குவதால் அழுத்தவே கூடாது. மாற்றம் இல்லை. கடைசியில் என் பையில் கிடந்த வேறொரு நிறுவன டிவிடியைப் போட்டேன். இரண்டு நொடி சுற்றல், ஒரு சின்ன உறுமல், திரையில் ‘4.38 ஜிபி காலி’ என்று வந்தது.

டிரைவ் பழையது. டப்பாவில் இருந்த வட்டுகள் பின்னால் வந்தவை. அந்தத் தயாரிப்பாளரின் குறியீடு டிரைவின் ஃபர்ம்வேரில், அதாவது டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில், இருந்த பட்டியலில் இல்லை. எந்த வலுவில் சுடுவது என்று தெரியாததால் அது வட்டையே இல்லை என்று சொல்லிவிட்டது. டிரைவ் நிறுவனத்தின் புதிய ஃபர்ம்வேர் கிடைத்தால் இது தீரும்; இந்த மாடலுக்குக் கிடைக்கவில்லை. டப்பாவைக் கடையில் கொடுத்து வேறு மாற்றிக்கொண்டோம்.

முதல் பிரதி வெளியே வந்ததும் சித்தப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஊதா நிற அடிப்பரப்பில் நடுவிலிருந்து முக்கால் தூரம்வரை ஒரு நிழல் கூடுதலாக இருந்தது. அதற்கு அப்பால் விளிம்புவரை பழைய வெளிறிய நிறம். எல்லை ஒரு மெல்லிய வளையமாகத் தெளிவாகத் தெரிந்தது.

“இது வரைக்கும் எழுதினது, இது எழுதாதது. அப்படித்தானே?” என்றார், விரலால் விளிம்பைத் தொடாமல் காட்டி.

“ஆமாம் சித்தப்பா” என்றேன்.