'ஹை மைலேஜ்' ஆயில் மைலேஜ் தரும் ஆயில் அல்ல

டின்னில் 'ஹை மைலேஜ்' என்று எழுதிய எஞ்சின் ஆயிலுக்கு "அதிக மைலேஜ் தரும் எண்ணெய்" என்று விளக்கம் சொல்வது பழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டுக் காணொளிகளில் அப்படிச் சொல்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு யாங்கோனில் ஆயில் வாங்க வருபவரும் "அண்ணே, மைலேஜ் கூடுற ஆயில் இருக்கா?" என்கிறார். இது அப்பட்டமான தவறு. அந்த டின்னில் இருப்பது மைலேஜைக் கூட்ட வந்த எண்ணெய் அன்று. சில வண்டிகளில் ஒரு சிறிது குறைக்கவும் செய்யும்.

'ஹை மைலேஜ்' என்பது எண்ணெயின் குணத்தைச் சொல்லவில்லை, அதை ஊற்ற வேண்டிய வண்டியைச் சொல்கிறது. 75,000 மைலுக்கு மேல், அதாவது சுமார் 1,20,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்ட எஞ்சினுக்கான எண்ணெய் என்பதே பொருள். வால்வோலைன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 'மேக்ஸ்லைஃப்' என்ற பெயரில் இவ்வகை எண்ணெயைக் கொண்டுவந்தது. பிறகு மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன.

சொல்லின் வேர் எளிது. லத்தீனில் 'மில்லே' என்றால் ஆயிரம். ரோமானியரின் ஆயிரம் இரட்டையடி ஒரு மைல். அதோடு ஒரு பின்னொட்டுச் சேர்ந்து 'மைலேஜ்' ஆயிற்று. மைல் கணக்கில் தரும் பயணப்படி, வண்டி இதுவரை ஓடிய மொத்தத் தூரம், ஒரு காலன் எரிபொருளுக்கு ஓடும் தூரம் என மூன்று பொருளும் ஆங்கிலத்தில் இன்றும் உண்டு. தமிழ்ப் பேச்சுக்குள் வந்தது மூன்றாவது மட்டும். "உன் வண்டி என்ன மைலேஜ் தருது?" என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே கேள்வி. அந்த ஒரு பொருளை வைத்துக்கொண்டு இரண்டாம் பொருளில் வந்த சொல்லைப் பெயர்த்ததால் வந்த வினை இது.

பர்மாத் தமிழருக்கு இந்தக் குழப்பம் வரவே கூடாது. இங்கே மைல் இன்னும் தூரமாகவே வாழ்கிறது. யாங்கோனில் எட்டு மைல், ஒன்பது மைல் என்பவை இடப்பெயர்கள். மண்டலே விரைவுச்சாலையில் சாப்பிட இறங்கும் இடத்துக்குப் பெயரே 115 மைல். மைல் என்றதும் கல்லும் தூரமும் நினைவுக்கு வருகிற ஊரில் இருந்துகொண்டு, பெட்ரோல் கணக்கை மட்டும் நினைக்கும் பெயர்ப்பை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உயர் மைல்தொலைவு எண்ணெய்' என்று எழுதுவோர் உண்டு. தமிழில் தொலைவு உயராது, நீளும். நெடுந்தூரம், நெடுஞ்சாலை, நெடும்பயணம் என்போமே ஒழிய உயர்தூரம் என்று யாரும் சொல்வதில்லை. அழுத்தம் உயரும், விலை உயரும். அவற்றுக்கு 'உயர்' பொருந்தும். ஆங்கில 'ஹை' வந்த இடத்திலெல்லாம் 'உயர்' என்று ஒட்டிவிட்டுப் போவது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல்.

'பழைய வண்டி எண்ணெய்' என்பது இன்னும் பரவலானது, காதுக்கும் எளியது. ஆனாலும் ஏற்க முடியாது. முதலாவது, அதில் எது பழையது? வண்டியா, எண்ணெயா? பட்டறையில் 'பழைய ஆயில்' என்றால் எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய். இரண்டாவது, வயதும் ஓட்டமும் ஒன்றல்ல. 2011இல் மிகப் பழைய வண்டிகளை ஒப்படைத்து இறக்குமதி அனுமதி பெறும் திட்டம் வந்தபின் இங்கே ஜப்பானில் ஓடிய வண்டிகள் குவிந்தன. ஒரே ஆண்டில் செய்த இரண்டு டொயோட்டா புரோபாக்ஸ் கார்களில் ஒன்று வாடகை வண்டியாக மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். மற்றொன்று வீட்டு வாசலில் நின்று எண்பதாயிரத்தைத் தாண்டியிராது. இரண்டும் பழைய வண்டிகள்தாம். இந்த எண்ணெயைத் தேட வேண்டியது முதலாவது மட்டும்.

'நெடுவோட்ட எண்ணெய்' அழகாக இருக்கிறது. ஆனால் அது வேறொரு பொருளுக்குத் தேவைப்படும் சொல். நெடுநாள் மாற்றாமல் ஓட்டக்கூடிய எண்ணெய் என்று தனி வகை இருக்கிறது, அதற்கு வைத்துக்கொள்ளலாம். இங்கே நமக்கு வேண்டியது இறந்தகாலம். இனி ஓடப்போவதைச் சொல்லவில்லை, ஓடி முடித்ததைச் சொல்கிறோம். தமிழ்ப் பெயரெச்சம் இதைச் சொல்லின் முடிவிலேயே காட்டிவிடும்: ஓடும் வண்டி வேறு, ஓடிய வண்டி வேறு. ஆகவே 'நெடிதோடிய எஞ்சின் எண்ணெய்' என்பதே என் பரிந்துரை. பேச்சில் 'நெடுந்தூரம் ஓடிய வண்டிக்கான ஆயில்' என்றாலே போதும். 'எஞ்சினை'யும் 'ஆயிலை'யும் விரட்டச் சொல்லவில்லை. அவை யாரையும் ஏமாற்றவில்லை. 'மைலேஜ்' ஏமாற்றுகிறது.

ஏமாந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உண்மையிலேயே எரிபொருளை மிச்சப்படுத்தும் எண்ணெய்கள் இளகியவை. 0டபிள்யூ-20 அப்படிப்பட்டது. கடைசி எண்ணான 20, சூட்டில் எண்ணெயின் பாகுநிலையை, அதாவது ஓடத் தயங்கும் தன்மையை, காட்டும் தரம்; 100 டிகிரியில் அது 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்குக்குள் (பாகுநிலையின் அலகு) இருக்கும். 30 தரத்துக்கு 9.3 முதல் 12.5, 40 தரத்துக்கு 12.5 முதல் 16.3. ஆயில் குடிக்கும் எஞ்சினுக்கு "மைலேஜ் ஆயில்" தேடுபவர் கையில் 0டபிள்யூ-20 சிக்கினால், பிஸ்டனைச் சுற்றியுள்ள தேய்ந்த ரிங்குகளின் இடுக்கில் அது இன்னும் சுலபமாக ஏறி எரியும். நெடிதோடிய எஞ்சின் எண்ணெயோ பெரும்பாலும் தன் தரத்தின் மேல்விளிம்பை ஒட்டியே இருக்கும். இறுகிப்போன ரப்பர் சீல்களை இளக்கிச் சற்று உப்ப வைக்கும் எஸ்டர் வகைப் பொருளும், கரியைக் கழுவும் பொருளும் அதில் கூடுதல். பலன் உடனே தெரியாது. ஒன்றிரண்டு முறை மாற்றிய பிறகே கசிவு குறையும். எரிபொருள் சிக்கனம் கோரும் எண்ணெய் வேண்டுமென்றால் டின்னில் ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வட்ட முத்திரையின் கீழ்வளைவில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மைலேஜ் பேச்சு அங்கேதான் இருக்கிறது.

இதே இனத்தில் இன்னொரு பிழை: "அடர்த்தியான ஆயில் ஊற்று, புகை நின்றுவிடும்." அடர்த்தி என்பது குறிப்பிட்ட கனஅளவில் உள்ள நிறை. 5டபிள்யூ-30 லிட்டருக்கு ஏறத்தாழ 850 கிராம், 20டபிள்யூ-50 ஏறத்தாழ 880 கிராம். வித்தியாசம் அவ்வளவே. வித்தியாசப்படுவது பாகுநிலை. விளக்கெண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, ஆனாலும் தண்ணீரைப்போல் ஓடுவதில்லை. அடர்த்தி குறைவு, பாகுநிலை மிக அதிகம். வெல்லப்பாகு சூட்டில் இளகி ஓடுவதையும் ஆறினால் கெட்டிப்படுவதையும் அறிந்த எவருக்கும் 'பாகு' போதும். பட்டறையில் சொல்லும் 'கெட்டி ஆயில்'கூட அடர்த்தியைவிட ஆயிரம் மடங்கு மேல். அந்த 'டபிள்யூ'வை 'வெயிட்' என்று விரித்து எடையாக்குவோரும் உண்டு. அது 'விண்டர்', குளிர்காலம். யாங்கோன் குளிர்காலத்துக்கு 0டபிள்யூவும் 5டபிள்யூவும் தேவையே இல்லை. 10டபிள்யூ, 15டபிள்யூ தாராளம்.

ஆயிலை மாற்றும் முன் அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். காலையில் கிளப்பியதும் ஒரு குப்பென்று நீலப்புகை வந்து நின்றால் வால்வு சீல். மிதிக்கும்போதெல்லாம் புகைந்தால் ரிங். அடியில் சொட்டினால் கசிவு. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைபட்டாலும் ஆயிலை இழுக்கும். அது மலிவான பாகம், முதலில் அதைப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் மேல்கோடு வரை ஊற்றி, 1,000 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி மேல்கோட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து ஊற்றுங்கள். இரு கோடுகளுக்கும் இடையே பல வண்டிகளில் சுமார் ஒரு லிட்டர். புரோபாக்ஸின் 1,500 சிசி எஞ்சினில் ஃபில்டரோடு 3.7 லிட்டர்தான் பிடிக்கும். அதில் ஒரு லிட்டர் குறைவது பெரிய குறை. டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பக் கூடாது. அது அழுத்தத்தைச் சொல்வது, அளவைச் சொல்வதல்ல. அது மினுங்கும்போது பேரிங் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருக்கும்.

தரத்தை ஒரு படியாக ஏற்றுங்கள்: 5டபிள்யூ-30 ஓடிய வண்டிக்கு முதலில் 10டபிள்யூ-40, அதுவும் நெடிதோடிய வகையில். எடுத்த எடுப்பில் 20டபிள்யூ-50 வேண்டாம். வி.வி.டி.-ஐ (வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றும் டொயோட்டா ஏற்பாடு) உள்ள எஞ்சின்களில் அந்த நேரத்தை மாற்றுவதே ஆயில் அழுத்தம்; கெட்டி ஆயில் அந்தச் சிறு துளைகளில் தாமதமாக ஓடும், கிளப்பியதும் மேல்பகுதிக்கு ஏறவும் நேரம் எடுக்கும். கரி அடைத்து ரிங் ஒட்டியிருந்தால் கெட்டி ஆயில் அதை விடுவிக்காது. கழுவும் பொருள் நிறைந்த ஆயிலை 3,000 முதல் 5,000 கிலோமீட்டருக்குள் மாற்றி வருவதால் பலன் கிடைக்கலாம்.

கடைப் பலகையில் எழுத விரும்புவோர் இப்படி எழுதலாம்: "நெடிதோடிய எஞ்சின் எண்ணெய். 1,20,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டிக்கு. சீல் கசிவும் சிறிதளவு ஆயில் குறைவும் இருந்தால்." கீழே இன்னொரு வரியும் வேண்டும்: "ரிங் தேய்ந்த வண்டிக்கு இது மருந்தல்ல; எஞ்சினைப் பிரிக்க வேண்டும்."