உல்லாசப் படகு: உரிமம் முதல் நங்கூரம் வரை

சிங்கப்பூரில் இஞ்சின் படகில் தென்தீவுகள் பக்கம் போக, படகுக்கு ஓர் உரிமம், ஓட்டுபவருக்கு ஓர் உரிமம் வேண்டும். இரண்டுமே கடல்துறை, துறைமுக ஆணையத்தின் பொறுப்பு. ஓட்டுநர் உரிமத்தைச் சுருக்கமாகப் பிபிசிடிஎல் என்பார்கள். 16 வயதாகியிருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். 24 மீட்டருக்குக் குறைவான படகுக்கு இது போதும். கண் பரிசோதனையில் நிறப்பார்வையும் பார்ப்பார்கள். சும்மா இல்லை: இருட்டில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்பதைச் சிவப்பு, பச்சை விளக்குகள்தான் சொல்லும்.

உரிமம் வாங்கியவர்களும் சறுக்குவது நங்கூரத்தில்தான். இங்கே நீர்மட்டம் ஏறி இறங்குவது சில நாள்களில் 3 மீட்டரை நெருங்கும். வரைபடத்தில் ஆழம் 4 மீட்டர் என்று பார்த்து, சங்கிலிக்கு ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு என்ற கணக்கில் 20 மீட்டர் விட்டால் போதாது. நீரேற்றம் 2.5, படகின் முன்முனை உயரம் 1 எனச் சேர்த்தால் மொத்தம் 7.5 மீட்டர். அப்படியென்றால் சங்கிலி 37 மீட்டருக்கு மேல். பெரும்பகுதி கயிறு என்றால் ஏழு மடங்கு, 52 மீட்டருக்கு மேல். குறைத்து விட்டால் இழுப்பு மேல்நோக்கித் திரும்பி, நங்கூரம் மணலைவிட்டுக் கிளம்பிவிடும். நீரோட்டம் மாறும்போது படகு எதிர்ப்பக்கம் சுழலும், அதற்கும் இடம் விடுங்கள். கரையில் முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் தெரியும் இரண்டு பொருள்களைக் குறித்து வைத்துக்கொண்டால், கோடு விலகும்போதே படகு நகர்வது தெரிந்துவிடும்.

நங்கூரமிட்டதும் பகலில் முன்பக்கம் கறுப்புப் பந்து, இரவில் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு. 7 மீட்டர் நீளத்துக்குக் குறைந்த படகுக்கு இவை தேவையில்லை என்று அனைத்துலக விதி தரும் சலுகை, கப்பல் பாதைக்கோ நங்கூரத் தளத்துக்கோ அருகில் செல்லாது; இங்கே அது பெரும்பாலும் ஏட்டுச் சலுகைதான்.

மணல் தரை பார்த்துப் போடுங்கள், பவளத்தின் மேல் வேண்டாம். சிஸ்டர்ஸ் தீவுகள் 2014 முதல் கடல் பூங்கா. லாசரஸ் தீவின் தென்பகுதியும் கூசு திட்டும் சேர்ந்து இரண்டாவது பூங்காவாகும் என்று 2024-இல் அறிவித்திருக்கிறார்கள். பாவாய், செனாங், சூடோங் தீவுகள் பக்கமே திரும்ப வேண்டாம். அங்கே ராணுவம் உண்மையான குண்டுகளைச் சுட்டுப் பயிற்சி செய்கிறது.

இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போவதானால் துறைமுக அனுமதி, குடிநுழைவுச் சோதனை இரண்டும் கட்டாயம். காலையில் போய் மாலையில் திரும்பினாலும் அது வெளிநாட்டுப் பயணமே.