மாலையை உருட்டி அளந்த நாடு

1866 ஜனவரியில் லடாக் வியாபாரிகள் சிலர் திபெத்தின் தலைநகரான லாசாவுக்குள் நுழைந்தார்கள். அவர்களோடு சேர்ந்து வந்தவர்களில் ஒருவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் ஜபமாலை, மறுகையில் சுழன்றுகொண்டே இருக்கும் ஜெபச்சக்கரம். அந்த மாலையை யாராவது வாங்கி எண்ணிப் பார்த்திருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. திபெத்தியர்களின் மாலையில் 108 மணிகள் இருக்கும். இவருடையதில் சரியாக 100.

அவர் பெயர் நைன் சிங் ராவத். குமாவுன் மலைப்பகுதியில் ஜோஹார் பள்ளத்தாக்கின் மிலாம் கிராமத்துக்காரர். பள்ளி ஆசிரியராக இருந்ததால் ‘பண்டிட்’ என்றே அவரை அழைத்தார்கள். எந்தப் பெரிய கருவியும் இல்லாமல், கிட்டத்தட்ட 1,900 கிலோமீட்டர் பாதையைக் காலால் அளந்துவிட்டு வந்த மனிதர். அதை எப்படிச் செய்தார் என்பதுதான் எனக்கு அவர் பயணத்தைவிடப் பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

இந்தியாவின் மாபெரும் நில அளவை 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் தொடங்கியது. கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் குன்றுகளின் மேலும் கோபுரங்களின் மேலும் ஏற்றி, முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்துகொண்டே இமயம் வரை போய்விட்டார்கள். அங்கே நின்றுபோனது வேலை. திபெத் தன் எல்லையை ஐரோப்பியர்களுக்கு அடைத்து வைத்திருந்தது. அப்போதுதான் நில அளவைத் துறையில் இருந்த கேப்டன் மான்ட்கோமரிக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லையோர மலைவாசிகள் வியாபாரத்துக்காகத் திபெத்துக்குப் போய் வருகிறார்கள், மொழியும் தெரியும். அவர்களுக்கே அளக்கக் கற்றுக்கொடுத்தால் என்ன? 1863இல் நைன் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும் டேராடூனுக்குப் பயிற்சிக்கு வந்தார்கள்.

பயிற்சியின் முதல் பாடம் நடப்பது. மேடோ பள்ளமோ சமதரையோ, எடுத்து வைக்கும் அடி ஒரே நீளமாக இருக்க வேண்டும். நைன் சிங்கின் அடி 80 சென்டிமீட்டர் சொச்சம். நூறு அடி வைத்ததும் மாலையில் ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 அடி, அதாவது சுமார் 8 கிலோமீட்டர். பத்தாவது மணி ஒவ்வொன்றும் மற்றவற்றைவிடப் பெரியது. கண்ணால் பார்க்கவே வேண்டாம், விரலுக்கே கணக்கு தெரியும்.

காலால் அளப்பதெல்லாம் ஓர் அளவையா என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அடி 3 சென்டிமீட்டர் கூடவோ குறையவோ விழுகிறது என்று வையுங்கள். சில அடிகள் கூடும், சில குறையும், பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இப்படித் தாறுமாறாக வரும் பிழை, அடிகளின் எண்ணிக்கையோடு வளராமல் அதன் வர்க்கமூலத்தோடுதான் வளரும். 10,000இன் வர்க்கமூலம் 100. ஆக, 8 கிலோமீட்டர் நடந்த பிறகும் பிழை 3 மீட்டர் அளவில்தான் நிற்கும். ஆனால் களைப்பில் ஒவ்வோர் அடியும் ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைவாகவே விழுந்தால் கதை வேறு. இங்கே அடித்துக்கொள்ள எதிர்ப்பக்கம் எதுவும் இல்லை. அதே தூரத்தில் 100 மீட்டர் காணாமல் போயிருக்கும். காலை என்றும் மாலை என்றும், ஏற்றம் என்றும் இறக்கம் என்றும் பாராமல் ஒரே அடி வைக்கப் பழக்கியதற்குக் காரணம் இதுதான்.

தூரம் கிடைத்துவிட்டது, திசை? ஜெபச்சக்கரத்தைத் திறந்தால் வழக்கமாக உள்ளே மந்திரம் எழுதிய காகிதச் சுருள் இருக்கும். இவருடையதில் வெற்றுக் காகிதமும் திசைகாட்டியும். பாதை எங்கே திரும்புகிறது, எத்தனை அடிக்குப் பிறகு திரும்புகிறது என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் ஏறும். யாராவது பேச்சுக் கொடுக்க நெருங்கினால் சக்கரத்தைச் சுழற்றி முணுமுணுக்கத் தொடங்குவார். ஜபம் செய்பவரை யாரும் இடையில் நிறுத்த மாட்டார்கள்.

அப்புறம் வானம். நடந்த கணக்கில் சேரும் பிழையைத் திருத்த, நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகையைக் கண்டுபிடிக்க வேண்டும். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. கடலில் அடிவானம் நேர்கோடாகத் தெரியும். நாலு பக்கமும் மலை சூழ்ந்த திபெத்தில் அடிவானத்துக்கு எங்கே போவது? சோழிகளுக்குள் அடைத்துக் கொண்டுவந்த பாதரசத்தைத் தன் மரக் கிண்ணத்தில் ஊற்றுவார். திரவத்தின் மேற்பரப்பு எப்போதும் துல்லியமான சமதளம். அதில் நட்சத்திரம் கண்ணாடியில் போலத் தெரியும். மேலே இருக்கும் நட்சத்திரத்துக்கும் கிண்ணத்தில் தெரியும் அதன் பிம்பத்துக்கும் இடையேயான கோணத்தை செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து இரண்டால் வகுத்தால் உயரம் வந்துவிடும். செக்ஸ்டன்ட் இருந்தது அவர் பெட்டியின் ரகசிய அடித்தட்டில்.

அளப்பதைவிட, அளந்த எண்ணை இருட்டில் படிப்பதுதான் கஷ்டமாக இருந்திருக்கிறது. முதலில் ஒரு நல்ல கைவிளக்கு வைத்திருந்தார். ட்ராடோம் மடத்து அதிகாரிகள் அதைப் பார்த்து ஆசைப்பட்டுவிட்டார்கள். விற்கத்தான் கொண்டுவந்தேன் என்று சொல்லியிருந்ததால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. அதன் பிறகு வெறும் எண்ணெய்த் திரிதான், அதையும் காற்று அணைத்துவிடும். சில ஊர்களில் இரவில் கோணத்தைப் பிடித்து, செக்ஸ்டன்ட்டை அசையாமல் எடுத்து வைத்துவிட்டு, எண்ணை மறுநாள் காலையில் படித்தார்.

உயரத்துக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்தார். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ். லாசாவில் 88 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். தேநீர் போடுகிறவரை யார் சந்தேகப்படுவார்கள்?

தீர்க்கரேகைக்கு மட்டும் துல்லியமான கடிகாரம் வேண்டும். அது இல்லாத குறையை அந்த மாலையும் திசைகாட்டியும்தான் நிரப்பின. வடக்கு தெற்கு நிலையை நட்சத்திரம் சொல்லிவிடும், கிழக்கே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைக் கால்தான் சொல்ல வேண்டும்.

லாசாவில் அவர் கழித்த மூன்று மாதங்கள் நிம்மதியானவை அல்ல. கைரோங் எல்லை அதிகாரியிடம், லாசாவுக்குப் போக மாட்டேன் என்று உயிரையே பணயமாக வைத்து வாக்குக் கொடுத்திருந்தார். அதே அதிகாரியை ஒருநாள் லாசாத் தெருவில் பார்த்தார்! சீனர் ஒருவர் பலர் பார்க்கத் தலை வெட்டப்பட்டதையும் கண்டார். பயத்தில் இருப்பிடத்தை மாற்றிக்கொண்டு வெளியே தலைகாட்டுவதையே குறைத்துக்கொண்டார். இத்தனைக்கும் நடுவில் அவர் கணித்த லாசாவின் அட்சரேகை 29 பாகை 39 கலை. இன்றைய வரைபடத்திலும் அதே எண்தான். கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு கலை பிசகினாலே தரையில் கிட்டத்தட்ட 1.85 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

1866 அக்டோபரில், சுமார் 25 லட்சம் அடிகளை எண்ணி முடித்து அவர் டேராடூன் திரும்பினார். 1877இல் லண்டன் ராயல் ஜியோகிராஃபிக்கல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

இன்னொரு உறவினரான கிஷன் சிங்கும் இதே வேலையில் இறங்கினார். ஒருமுறை கொள்ளையர் நடமாடும் பகுதியில் நடந்து வரக்கூடாது, குதிரையில் ஏறு என்று உடன் வந்தவர்கள் வற்புறுத்தினார்கள். மறுத்தால் சந்தேகம் வரும். ஏறி உட்கார்ந்தார். குதிரையின் வலது முன்னங்கால் தரையில் படும் ஒவ்வொரு முறையையும் எண்ணிக்கொண்டே போனார்.