முகலாய ஓவியத்துக்கு பிரேம் போடும் முன் திருப்பிப் பாருங்கள்

பழைய காகிதங்களைச் சீரமைப்பது என் தொழில். "முகலாய பெயிண்டிங்" என்று கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, படத்தில் இருப்பது எந்த ராஜா, என்ன விலை போகும் என்பதுதான். பின்பக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பார்க்க வழியிருக்காது, பிரேம் கடையில் அட்டையோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டித் தந்திருப்பார்கள்.

உண்மையான அரசவை ஏடாக இருந்தால் அந்தப் பின்பக்கம் பாதிச் சொத்து. ஜஹாங்கீர், ஷாஜஹான் காலத்தில் அரண்மனையில் தொகுத்த முரக்கா என்னும் ஆல்பங்களில் ஒரே ஏட்டின் ஒரு பக்கம் படம், மறுபக்கம் நஸ்தலீக் என்னும் வளைந்து சாயும் எழுத்துப் பாணியில் பாரசீகக் கவிதை. ஆல்பத்தை விரித்தால் இரண்டு படங்கள் எதிரெதிரே இருக்கும், அடுத்த ஏட்டைப் புரட்டினால் இரண்டு எழுத்துப் பக்கங்கள். இடத்தை அடைக்கப் போட்ட எழுத்து இல்லை அது. அந்தச் சபையில் எழுத்துக்கலைக்குத்தான் முதல் மரியாதை, காஷ்மீரைச் சேர்ந்த முகமது ஹுசைனுக்கு அக்பர் 'ஸரீன் கலம்' (தங்கப் பேனா) என்று பட்டமே கொடுத்தார். ஜஹாங்கீர் ஆசைப்பட்டுச் சேர்த்ததோ மீர் அலியின் எழுத்தை. ஹெராத்திலும் புகாராவிலும் எழுதிய அந்த மனிதர், 1569-இல் ஜஹாங்கீர் பிறப்பதற்கு முன்பே இறந்துபோய்விட்டார். அதனால் ஒரே ஏட்டில் படத்தைவிட எழுத்து பல பத்தாண்டு மூத்ததாக இருக்கலாம். "இந்த ராஜாவைப் பற்றி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பீர்கள், பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. படத்தைச் சுற்றி ஓடும் குட்டிக் கவிதைத் துண்டுகள்கூட வேறு பிரதிகளிலிருந்து வெட்டி ஒட்டியவையாக இருக்கும்.

ஏடு என்பது பல தாள்களை ஒட்டிச் செய்த கனமான அட்டை, ஈரம் காட்டினால் இரண்டாகப் பிரித்துவிடலாம், வியாபாரிக்கு ஒன்றுக்கு இரண்டு காசு. பாரிஸ் வியாபாரி டெமோட், ஷாநாமா என்னும் மன்னர் காவியத்தின் 14-ஆம் நூற்றாண்டு ஈரானியப் பிரதி ஒன்றில் இருபுறமும் படம் இருந்த தாள்களை இப்படித்தான் பிளந்து விற்றார். கெவோர்கியன் ஆல்பம் என்னும் முகலாய அரண்மனைத் தொகுப்புக்கு அதிர்ஷ்டம் இருந்தது: 1929-இல் ஸ்காட்லாந்தில் ஒரு பழம்பொருள் கடையில் அகப்பட்ட அதன் 50 ஏடுகளில் 41 நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் 9 வாஷிங்டன் ஃபிரீயர் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அதிலேயே சில ஏடுகள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெல்லியில் செய்த நகல்கள், அசலோடு கலந்து வைத்திருக்கிறார்கள். அரண்மனை ஆல்பத்துக்கே இந்தக் கதி என்றால் கடைத்தெரு எப்படி இருக்கும்!

சுற்றுலாக் கடைகளில் கிடைப்பது வேறு ரகம். பழைய உருது கணக்கேட்டுத் தாளையோ பாரசீகப் புத்தகத் தாளையோ வாங்கி, அதன் மேல் புதிதாக ஒரு ராஜாவை வரைந்துவிடுவார்கள், தாள் நிஜமாகவே பழசு என்பதால் சுலபமாக ஏமாந்துவிடுவோம். கையில் ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு பூச்சி அரித்த ஓட்டைகளைப் பாருங்கள். ஓட்டையின் உள்விளிம்பில் வண்ணம் வழிந்திருந்தால், பூச்சி தின்ற பிறகு வரைந்த படம் அது. மடிப்பு விழுந்த கோட்டிலும் அதேதான்: பழைய வண்ணம் அங்கே உடைந்து உதிர்ந்திருக்கும், புதுசு விரிசலுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும். அழகாக வரைந்திருந்தால் வாங்குங்கள், அதில் தப்பில்லை, முகலாயர் காலத்து விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

சரி, வீட்டில் இருப்பது பழசுதான் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பச்சைக் கோடுகளைப் பாருங்கள். எழுத்துக் கட்டத்தைச் சுற்றி இழுக்கும் கோடுகளில் செம்பிலிருந்து எடுத்த பச்சை இருந்தால், அது நாளாக நாளாகக் காகிதத்தை அரிக்கும். முதலில் கோட்டின் பின்புறம் பழுப்பேறும், அப்புறம் கோடு நெடுகக் கீறல் விடும், கடைசியில் நடுக்கட்டம் முழுசாகக் கழன்று கையோடு வந்துவிடும். இந்த நிலையில் இருப்பதை உருட்டக் கூடாது, ஈரம் படவே கூடாது. வண்ணமெல்லாம் பசை கலந்து பூசியது, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் ராஜாவின் மூக்கு துணிக்கு வந்துவிடும். செலோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். பிரேம் போட்டே ஆகவேண்டும் என்றால் கண்ணாடி படத்தைத் தொடாதபடி, இரண்டு புறமும் ஜன்னல் வெட்டிய அமிலமற்ற அட்டையில் பொருத்தச் சொல்லுங்கள். வெளிச்சம் 50 லக்ஸ் போதும், அதாவது கொஞ்சம் மங்கலான அறை. வெயில் விழும் ஹால் சுவர் சரிப்படாது.

இன்னொன்று. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட ஓவியமும், 75 வருடத்துக்கு மேற்பட்ட, மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் தொல்பொருள். பழைய சிற்றோவியங்களையும் படங்கள் உள்ள கையெழுத்துப் பிரதிகளையும் பதிவு செய்ய வேண்டும். தனியார் யாரும் நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது, அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கொண்டுபோகும் பரிசாக இருந்தாலும் அதே சட்டம்தான்.