“போர்ட் போயிட்டாம்” என்று சொல்லும் முன்

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் மட்டக்களப்பில் ஏசி திருத்துவோருக்கு ஓய்வில்லை. அண்மைக் காலமாக என்னை அழைப்பவர்களிற் பலர், அறை குளிரவில்லை என்று சொல்வதற்கு முன்பே, “போர்ட் போயிட்டாம், மாத்தணுமாம்” என்று வேறொருவர் சொல்லிவிட்டுப் போன முடிவைத்தான் சொல்கின்றனர். இன்வெர்ட்டர் ஏசியில் போர்ட், அதாவது மின்சுற்றுப் பலகை, பழுதடைவது உண்டு. ஆனால் எதையும் அளந்து பாராமல், விலை கூடிய அந்தப் பாகத்தின்மீது பழியைப் போட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

பழைய வகை ஏசியில் கொம்பிரசர் ஒரே வேகத்தில் ஓடும். அறை குளிர்ந்ததும் நிற்கும், சூடேறியதும் மீண்டும் தொடங்கும். இன்வெர்ட்டரில், வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஆடலோட்ட மின்சாரம் வெளி யூனிட்டின் போர்ட்டில் 300 வோல்ட்டையும் தாண்டிய நேரோட்டமாக மாறி, பெரிய கப்பாசிட்டர்களில் தேங்கி, பின்னர் பவர் மொடியூல் வழியாக மூன்று கம்பிகளில் கொம்பிரசருக்குப் போகிறது. அறையின் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பது அந்த மொடியூல்தான். மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னரும் கப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கக்கூடிய மின் சிறிது நேரம் தங்கியிருக்கும் என்பதால், பத்து நிமிடம் பொறுத்து, மீட்டரால் அளந்து, அது இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே நான் கை வைப்பேன். வீட்டுக்காரர் தாமாக மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

கல்லடியில் கடலுக்கு அருகே ஒரு வீடு. உள் யூனிட் காற்றை வீசுகிறது, வெளி யூனிட் அசையவில்லை, இரண்டுக்கும் இடையே தொடர்பில்லை என்ற பிழைக் குறியீடு தெரிகிறது. புதிய போர்ட்டுக்கு விலை கூடப் பேசி முடித்திருந்தார்கள். வெளி யூனிட்டுக்கு மின் சரியாக வந்துகொண்டிருந்தது. நேரோட்ட வோல்ட்டளவிலும் குறையில்லை. இரு யூனிட்டுகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கென்று ஒரு தனி வயர் உண்டு. ஆகவே மின்னை நிறுத்திவிட்டு, பழைய வயர்களைக் கழற்றி, புதிய வயர் ஒன்றைத் தரையில் விரித்து இரண்டையும் நேரடியாகத் தொடுத்தேன். மின்னைக் கொடுத்ததும் சில நிமிடங்களில் கொம்பிரசர் ஓடத் தொடங்கியது. பழைய வயரை இழுத்துப் பார்த்தபோது, சுவருக்கு வெளியே டேப் சுற்றி ஒட்டுப்போட்டிருந்த இடத்தில், உப்புக் காற்றுப் பட்டுச் செம்பு பச்சை பிடித்து இற்றுப்போயிருந்தது. இடையில் ஒட்டில்லாத ஒரே வயரைப் போட்டதோடு அந்த வேலை முடிந்தது.

போர்ட்தானா, கொம்பிரசர்தானா என்ற ஐயம் எழுந்தாலும் அளவுதான் பதில் சொல்ல வேண்டும். கொம்பிரசருக்குப் போகும் மூன்று கம்பிகளையும் கழற்றி, முனைகளை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று தடவையும் ஏறத்தாழ ஒரே ஓம் அளவு வர வேண்டும். எந்த முனைக்கும் கொம்பிரசரின் உலோக உடலுக்கும் இடையே மின் கசிவு இருக்கக்கூடாது. பவர் மொடியூலின் மூன்று வெளியீடுகளையும் மீட்டரின் டயோட் நிலையில் அளக்கும்போதும் அவை ஒத்துப்போக வேண்டும். கொம்பிரசரைச் சோதிக்காமல் போர்ட்டை மட்டும் மாற்றினால், கொம்பிரசரில் உள்ள குறுக்கிணைப்பு (ஷோர்ட்) புதிய போர்ட்டையும் எரித்துவிடக்கூடும்.

அக்கரைப்பற்றுப் பக்கத்துக் கடையொன்றில் சில மாதங்களுக்கு ஒருமுறை காஸ் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஏசியைக் குளிரவைக்கும் இந்தக் காஸ் பெற்றோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருளன்று. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. அங்கே குழாய் இணைப்பின் நட்டுக்குள் செம்பு வாய் வெடித்திருந்தது. மேலும், இன்வெர்ட்டரில் கொம்பிரசரின் வேகத்தோடு, காஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் ஊசியும் ஏறி இறங்குவதால், ஊசியை மட்டும் பார்த்துக் காஸ் ஏற்றுவது இருட்டில் கல்லெறிவதாகும். கசிவை அடைத்து, குழாயை வெற்றிடமாக்கி, வெளி யூனிட்டின் தகட்டில் அச்சிட்டுள்ள நிறையைத் தராசில் பார்த்து ஏற்றுவதே முறை. இப்போது பல ஏசிகளில் வரும் ஆர்-32 காஸ் எரியும் தன்மையுள்ளது; அது குழாயில் இருக்கும்போது வெல்டிங் நெருப்பைக் கொண்டுசெல்வது ஆபத்து.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடி முழங்கும்போது ரிமோட்டில் நிறுத்துவது போதாது, ஏனெனில் போர்ட்டுக்கு மின் போய்க்கொண்டேயிருக்கும். இடி நெருங்கும் முன்பே மெயின் சுவிட்சை நிறுத்திவிட வேண்டும். பல்லியின் கதை வேறு. வெளி யூனிட்டைத் திறந்தால், போர்ட்டின் இரு முனைகளுக்குக் குறுக்கே கருகிக் கிடக்கும் பல்லியைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த வேளைகளில் போர்ட் உண்மையிலேயே போயிருக்கும். அதனால் வேலை முடித்து மூடியைப் பூட்டும் முன், வயர் நுழையும் துளையை அடைத்துவிடுவது எனது வழக்கம். அதற்கென்று தனியே காசு வாங்குவதில்லை.