பரப்பில் வருகிற கணக்கு பலகையில் ஏன் வருவதில்லை?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலை, பெற்றோர் சந்திப்பு நாள். தரம் 10 மாணவன் பலகையில் 1/2 + 1/4 = 2/6 என்று எழுதினான். மேலே உள்ள தொகுதியோடு தொகுதி, கீழே உள்ள பகுதியோடு பகுதி. "இவனுக்குக் கணக்கு ஏறாது சேர்" என்றார் தாய்.

தகப்பன் மேட்டுக்காணியில் தோட்டம் செய்கிறவர். "அரை ஏக்கரும் கால் ஏக்கரும் சேர்ந்தால் எத்தனை பரப்படா?" என்று கேட்டேன்.

"பன்னிரண்டு சேர்."

யோசிக்கவே இல்லை. பரப்பு எங்கள் ஊர்க் காணி அளவு; ஏக்கருக்கு 16 பரப்பு என்பது அவன் காலால் நடந்து பழகிய கணக்கு. (வயலுக்குப் பரப்பின் அளவு வேறு, அதை விடுவோம்.)

திண்ணைப் பள்ளியில் பின்னம் இப்படித்தான் படிப்பித்தார்கள். எண்சுவடி என்ற பழைய வாய்பாட்டு நூலில் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்கும். மாகாணி என்றால் 16 இல் ஒன்று, ஏக்கரில் ஒரு பரப்பு! 1823 இல் அமெரிக்க மிஷனரிமாரின் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கி, மேல்நாட்டுக் கணிதம் வடக்கில் ஊன்றியது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. அப்போதும் பலர் எண்கணிதத்தோடு நின்றுகொண்டார்கள். 1972 கல்விச் சீர்திருத்தந்தான் கணிதத்தை எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக்கியது. அது நல்ல முடிவு என்பதே என் கட்சி. ஆனால் தொடைகள் (sets) என்ற புதுப் பாடம் கணிதப் புத்தகத்துக்குள் வந்த அந்த எழுபதுகளிலேயே மெற்றிக் அளவும் வந்தது. பரப்பு வேலிக்கு வெளியே நின்றுவிட்டது.

வன்னியில் இன்னொன்றும் நடந்தது. 2008, 2009 இல் தரம் 4, 5 படித்தவர்கள் பதுங்குகுழியிலும் பிறகு முகாம் கூடாரத்திலும் இருந்தார்கள். பின்னம் ஊன்ற வேண்டிய வயது அது. அவர்களில் சிலர் இன்று பெற்றோர். பிள்ளை பின்னக் கணக்கோடு கொப்பியை நீட்டினால் தடுமாறத்தான் செய்வார்கள், அவ்வளவுதான். இது பரம்பரைக் குறை இல்லை.

சாதாரணதரப் பரீட்சை நெருங்கியதும் பாஸ் பேப்பர் (பழைய வினாத்தாள்) வகுப்புக்குக் காசு கட்டுகிறார்கள். பின்னம் பிடிபடாத பிள்ளைக்குச் சதவீதம், நிகழ்தகவு, அட்சரகணிதம் எல்லாம் ஒரே இடத்தில் அடைபடும். வெட்கப்படாமல் தரம் 6 புத்தகத்தை எடுங்கள். காணியில் நிற்கும்போது கேளுங்கள்: மிளகாய்க்கு அரைவாசி, வெங்காயத்துக்குக் கால்வாசி, மிச்சம் எவ்வளவு?

அந்தப் பையனிடம் அடுத்ததாக, ஏக்கரில் மூன்றில் ஒன்று எத்தனை பரப்பு என்றேன். கொஞ்ச நேரம் விரலை மடக்கிப் பார்த்தான்.

"16 மூண்டாப் பிரியாதே சேர். 48 எண்டாப் பிரியும்."

பொதுப் பகுதி என்ற சொல்லை அன்றுதான் அவனுக்குப் பலகையில் எழுதிக் காட்டினேன்.