பிரவுசருக்குக் கொடுத்த குக்கி ஜாவாவிடம் இல்லை

பிரவுசரில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போயாயிற்று. அதே பக்கத்தில் இருக்கும் பட்டனை அழுத்தினால், கம்ப்யூட்டரில் தனியாக ஓட வேண்டிய அப்ளிகேஷன் ஒன்று மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கிறது, இல்லையென்றால் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று புலம்பிவிட்டு மூடிக்கொள்கிறது. இப்போதுதானே லாகின் செய்தோம்?

செய்தோம், ஆனால் அது பிரவுசருக்கு மட்டும்தான் தெரியும். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான ஹெச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது, வருகிற ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதுசு. அதைச் சரிக்கட்டத்தான் 1994இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மோன்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார். லாகின் ஆனதும் சர்வர் ஒரு சீட்டுத் தருகிறது, பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் காட்டுகிறது. பக்கத்தில் ஓடும் வேறொரு புரோகிராமுக்கு அந்தச் சீட்டைப் பிரவுசர் தராது. தந்தால் அது இதைவிடப் பெரிய வம்பு.

2001இல் சன் கம்பெனி வெளியிட்ட, வலைப்பக்கத்திலிருந்தே ஜாவா அப்ளிகேஷனைத் திறக்கும் ஜாவா வெப் ஸ்டார்ட்டில் இந்தச் சிக்கல் பச்சையாகத் தெரியும். பட்டனை அழுத்தினால் பிரவுசர் இறக்குவது ஜேஎன்எல்பி என்ற சின்ன எக்ஸ்எம்எல் கோப்பை மட்டும்தான், அதை வெப் ஸ்டார்ட்டிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வெப் ஸ்டார்ட்டோ, கோப்பில் எழுதியிருக்கும் முகவரிக்குப் போய் அதே கோப்பைத் திரும்பக் கேட்கும், அப்புறம் அப்ளிகேஷனின் நிரல் அடங்கிய ஜார் கோப்புகளைக் கேட்கும், எல்லாமே சீட்டு இல்லாமல்.

சர்வர் முறைப்படி 401, அதாவது 'யாரென்று சொல்' என்று பதில் சொன்னால்கூடப் பரவாயில்லை, ஒரு பாஸ்வேர்டு பெட்டி வரும். நாமே எழுதிய லாகின் பக்கம் அப்படிச் சொல்வதில்லை. 302 போட்டு லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும், அந்தப் பக்கம் 200, அதாவது 'எல்லாம் சரி' என்று வந்து நிற்கும். ஜார் என்பது ஜிப் கோப்பு, 'பிகே' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்க வேண்டும், வந்ததோ ஹெச்டிஎம்எல். கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று பிழை வருகிறது, லாகின் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லாகினை அணைத்துவிட்டுச் சோதிக்கிற புரோகிராமரின் மெஷினில் மட்டும் எல்லாம் ஜோராக ஓடும்.

இன்னொரு மோதலும் உண்டு. ஜாவா புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம் ஒன்றுக்கு, பெயரும் பாஸ்வேர்டும் வாங்கித் தரும் பொதுவான ஆத்தென்டிகேட்டர் ஒன்றுதான், கடைசியாக வைத்தவருடையதுதான் செல்லும். அப்ளிகேஷன் தன்னுடையதை வைத்தால் வெப் ஸ்டார்ட் ஏற்கெனவே வைத்திருந்தது போய்விடும்.

சரி, வழி? லாகினை அடையாளம் காட்டும் செஷன் எண்ணை முகவரியிலேயே ஒட்டி அனுப்பலாம், ஆனால் அது சர்வரின் பதிவேட்டில் பதிந்து கிடக்கும். சில நிமிடங்களில் காலாவதியாகும், ஒரே முறை செல்லும் டோக்கனை ஜேஎன்எல்பிக்குள் வைப்பது மேல், என்ன, டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வைத்து நாளைக்குத் திறப்பவருக்கு அது செத்துப்போன டோக்கன். என்னைக் கேட்டால் ஜேஎன்எல்பியையும் ஜார்களையும் பூட்டவே வேண்டாம், ரகசியம் இருப்பது தரவில்தான், பூட்டை அங்கே போட்டுவிட்டு அப்ளிகேஷனே லாகின் கேட்கட்டும்.

2018இல் வந்த ஜாவா 11இல் வெப் ஸ்டார்ட்டே நீக்கப்பட்டுவிட்டது. இன்றைய அப்ளிகேஷன்கள் எதிர்த்திசையில் போகின்றன: 2017இல் வந்த ஆர்எஃப்சி 8252 என்ற இணைய வழிகாட்டு ஆவணம் சொல்கிறபடி, முதலில் அப்ளிகேஷன் திறக்கும், அது பிரவுசரைத் திறந்து அங்கே லாகின் செய்ய வைக்கும், முடிந்ததும் ஒரு குறியீடு அதே கம்ப்யூட்டரைக் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரி வழியாக அப்ளிகேஷனுக்கே திரும்பி வரும். அதைக் கொடுத்து அப்ளிகேஷன் தனக்கென்று ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளும், பிரவுசரின் குக்கியை யாரும் தொடுவதில்லை.